சம்பளம் கேட்காதவர்கள்

"சம்பளம்ங்கற பேச்சே உன் வாயில வரக்கூடாது, புரியுதா?" காத்திருப்போர் அறையின் மூலையில், தம்பியின் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தபடி அக்கா கிசுகிசுத்தாள்.

"சம்பளத்துக்குத்தானேக்கா போறேன்? செவ்வாய் கிரகத்துல நாலு வருஷம் வெல்டிங் அடிச்சா, சொந்தமா ஒரு பட்டறை போட்டுடலாம். இல்லேன்னா அந்தச் சிவப்பு மண்ணுல எனக்கென்ன வேலை?"

"வாயை மூடுடா. மனித குலத்துக்காக வர்றேன்னு சொல்லு. என்னைத் தெரிஞ்ச மாதிரியும் காட்டிக்காதே."

அவளுக்கே நெஞ்சு குறுகுறுத்தது. இந்தக் குடியேற்ற நிறுவனத்தில் அவளுக்கு வேலை போட்டுக் கொடுத்தவர் மேலாளர். வருகிறவர்களுக்குத் தன் கையாலேயே தண்ணீர் ஊற்றித் தரும் மனிதர். அவர் தலையிலா மிளகாய் அரைப்பது?

காலையில் வந்த வெல்டர், தம்பியைவிடக் கைதேர்ந்தவர். சம்பளம் எவ்வளவு, ஊருக்கு வர லீவு உண்டா என்று மட்டும்தான் கேட்டார். மேலாளர் எழுந்து கைகுலுக்கி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஆசை பிடித்தவர்களை அவருக்கு ஆகாது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

தம்பி உள்ளே போனான். சொல்லிக்கொடுத்ததற்கு மேலேயே அளந்தான். "ஜனங்க படற பாட்டைப் பார்க்க முடியல சார். நாளைக்கு வர்ற பிள்ளைங்களுக்கு அங்க ஒரு கூரை போட்டுக் கொடுத்தா போதும். எனக்குன்னு எதுவும் வேணாம்."

மேலாளருக்குப் பக்கத்தில் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்த அக்கா தலையை நிமிர்த்தவே இல்லை.

மேலாளர் முகம் மலர்ந்து 'தேர்வு' என்று முத்திரை குத்தினார். வெளியே போன தம்பி கைப்பேசியில் மனைவியிடம் குதூகலிப்பது கதவைத் தாண்டிக் கேட்டது. "பாப்பா பள்ளிக்கூடம் சேர்றதுக்குள்ள வந்து நிப்பேன் பாரு!"

அவளால் தாங்க முடியவில்லை. அவன் என் தம்பிதான், சொன்னதெல்லாம் பொய் என்று சொல்லிவிட வாயெடுத்தாள். தைரியம் வரவில்லை. வேறொன்றைக் கேட்டாள்.

"ஏன் சார், சம்பளம் கேக்கறவங்களை நீங்க எடுக்கறதே இல்லையே? அது அவ்வளவு பெரிய தப்பா?"

"சேச்சே, தப்பெல்லாம் இல்லம்மா." மேலாளர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "சம்பாதிக்கறவன் அதை ஊர்ல வந்து செலவு பண்ணணும்னு நினைப்பான். நம்ம முதலாளி, செலவு மிச்சம்னு போற கப்பல் மட்டும்தாம்மா கட்டியிருக்கார்."