நோம்பி இல்லாத நாளில் மத்தளம்

பாறைத் திருப்பத்திலேயே ராமாயிக்கு மத்தளச் சத்தம் கேட்டுவிட்டது. தம்பி பொன்னனின் கைதான். அந்த அடி அவளுக்குத் தெரியாதா?

ஒரு காலத்தில் மாரியாயி கோயில் நோம்பிக்கு அவன் இந்த அடியை எடுத்தால், கூட்டத்தை விலக்கிக்கொண்டு சின்னாயிதான் முதலில் ஆட வருவாள். அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் ராமாயி அவளைத் தம்பிக்குப் பெண் கேட்டாள்.

அந்தச் சின்னாயி இப்போது பாயில் கிடக்கிறாள். மார்பில் வந்த கட்டி எலும்பெல்லாம் பரவிவிட்டதாம். சேலத்து வெள்ளைக்கார டாக்டர் கையை விரித்துவிட்டார்.

ராமாயி ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள். பொன்னன் வாசலில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தான். அவனுடைய இரண்டு பெண் குழந்தைகளும் சிரித்துச் சிரித்து ஆடிக்கொண்டிருந்தன.

"நல்லாருக்குதுடா. ஊட்டுக்குள்ள ஒருத்தி நோவுல துடிக்கிறா, உனக்கு வாசல்ல ஆட்டம் கேக்குதா?"

அவன் கை நிற்கவில்லை.

"மலையிறங்கிப் போயி சர்க்கார் கடையில அபின் வாங்கியாந்தியா, இல்லியா?" என்று கத்தினாள்.

"வாங்கியாந்தேங்க்கா. காலையில குடுத்த உருண்டை வேகம் இறங்கிப் போச்சு. அடுத்தது பொழுது சாயத்தான் குடுக்கோணும்."

"அதுவரைக்கும் பக்கத்துல உக்காந்து காலைப் புடிச்சு வுட்டா கொறைஞ்சா போயிருவே?"

"தொட்டாலே நோவுதுக்கா."

ராமாயி மத்தளத்தை வெடுக்கென்று பிடுங்கினாள்.

உள்ளேயிருந்து ஓர் அலறல். பாதியிலேயே அடங்கிப்போனது. குழந்தைகள் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கதவையே பார்த்தன.

ராமாயி பதறிக்கொண்டு உள்ளே போனாள். சின்னாயி சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். ராமாயியைக் கண்டதும் அதை மெல்ல எடுத்தாள்.

"வாங்கண்ணி. மத்தளத்த அவருகிட்டயே குடுத்துருங்க. அது கேட்டாத்தான் நான் வாய் வுட்டுக் கத்த முடியும். புள்ளைங்க காதுல உழுவாது."

ராமாயி வெளியே வந்தாள். பொன்னன் மத்தளத்துக்குக் கையை நீட்டினான். உள்ளங்கை கன்றிப்போய், விரல்கள் வெடித்திருந்தன.

அவள் கொடுக்கவில்லை.

"நீ போயி அவ பக்கத்துல இரு, சாமி" என்றாள். அவன் இருந்த இடத்தில் உட்கார்ந்து மத்தளத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆடுங்க கண்ணு. உங்கம்மா ஆடுன அடி இது" என்று ஓங்கி அடிக்க ஆரம்பித்தாள்.