ஆமென் சொல்லும்வரை

மணிமொழி முக்காட்டை இழுத்துவிட்டுப் பலிபீடத்தின் முன்னால் முழங்காலில் விழுந்தாள். சபை மூப்பர் தேவேந்திரனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நேற்று அவர் வீட்டு வாசலில் நின்று கத்தியவள், இன்று ஒருவழியாக அடங்கிவிட்டாள்.

கத்தியதற்குக் காரணம் இருந்தது. அவளைப் பெற்ற நைனா துரைக்கண்ணு நேற்று காலமானார். கல்லறைத் தோட்டத்தின் நடுவில் ஒரு சுவர். ஒரு பக்கம் மூப்பரின் சாதிக்காரர்கள். மறுபக்கம், முள்ளும் சாக்கடையுமாக, மணிமொழியின் தெருக்காரர்கள்.

"நைனாவை ஒங்க பக்கந்தான் அடக்கம் பண்ணுவோம்" என்றாள் அவள்.

"நான் இருக்கிற வரைக்கும் அங்க கடப்பாரை வுழாது. கேட்லயே வந்து நிப்பேன்" என்றார் அவர்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மூப்பர் தன் ஆட்களோடு நேராகத் தோட்டத்துக்குப் போய் நிற்பதாக ஏற்பாடு. கடைசி ஜெபம் ஒன்றுதான் பாக்கி. "நான் பண்ணட்டுமா ஐயா?" என்று மணிமொழி கேட்டதும், போதகருக்கு முன்பே மூப்பர் தலையாட்டினார்.

"பண்ணும்மா. தாழ்மையா, மனசத் தொறந்து பண்ணு."

சபை முட்டி போட்டுக் கண்ணை மூடியது. அவள் தெரு ஆண்கள் ஒருவரும் வரவில்லை. செத்த வீட்டில் இருப்பார்கள், தொல்லை விட்டது என்று மூப்பர் நினைத்துக்கொண்டார்.

"உம்ம பாதத்துல தாழ்மையா வர்றேன் ஆண்டவரே. மழைக்கு ஸ்தோத்திரம். கொல்லையில மல்லாட்ட வெளைஞ்சதுக்கு ஸ்தோத்திரம். மூப்பர் ஐயா மவளுக்கு நல்ல எடத்துல கல்யாணம் முடிச்சீரே, அதுக்கும் ஸ்தோத்திரம்."

மூப்பர் உருகிப்போய்த் தானும் ஒரு ஸ்தோத்திரம் சொன்னார்.

"அடுத்தவன் கல்லறையிலதான் உம்மையும் வெச்சாங்க ஆண்டவரே. நீர் எந்தத் தெருன்னு அங்க எவனும் கேக்கலியே!"

பெண்கள் பக்கம் விம்மல் கேட்டது. மூப்பருக்குச் சுருக்கென்றது. "முடிச்சுக்கம்மா" என்று கிசுகிசுத்தார்.

அவளா முடிப்பாள்? நோவாவைக் கூப்பிட்டாள், யோபுவைக் கூப்பிட்டாள். "எங்க செஞ்சி மண்ணு பாறையா கெடக்குது ஆண்டவரே, பாடுபடுற கைங்களுக்குப் பெலன் தாரும்!" என்று கதறினாள். அந்த அழுகை நிஜம். ராஜகிரி மலை மேல் வெயில் ஏறிக்கொண்டே போனது, பிள்ளைகள் பசியில் சிணுங்கின.

எழுந்து போக வேண்டியதுதானே என்று கேட்கலாம். ஆமென் சொல்லும்முன் எழுந்த ஒரு பெரியவரைச் சபை முன்னால் மன்னிப்புக் கேட்கவைத்தவர் இதே மூப்பர். தான் போட்ட சட்டத்தில் தானே மாட்டிக்கொண்டு முழங்காலை மாற்றி மாற்றி ஊன்றினார். நன்றாக வேண்டும்.

வெகுநேரம் கழித்து, வாசலில் அவள் தம்பி அன்புமணி இருமும் சத்தம் கேட்டது.

"ஆமென்" என்றாள் மணிமொழி.

மூப்பர் பதறி எழுந்து வாசலுக்கு ஓடிச் செருப்பைத் தேடினார். "நவுருங்க, நவுருங்க! நான் தோட்டத்துக்குப் போவணும்!"

மணிமொழி பின்னாலேயே வந்து முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மெதுவா வாங்க மூப்பரே, ஒங்க பக்கத்துலயே நைனாவை எறக்கியாச்சு; ஒரு பிடி மண்ணு போடுங்க."