ஒன்று புள்ளி ஐம்பத்தைந்து

யாகப்பன் முக்காலிமேல் ஏறி நின்று, வாசல் நிலையின் மேல்கட்டையில் பழைய துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.

“பொண்ணு பாக்க வர்ற நேரத்துல இன்னாங்க இது, நிலைக்குக் கட்டுப் போட்டுக்கினு?” என்றாள் மனைவி லூர்துமேரி.

“மாப்பிள்ளை உள்ளார வர்றப்ப தலையில இடிச்சிக்கக் கூடாதுடி. ஆளு நல்ல ஒசரம்!”

குள்ளமான யாகப்பனுக்குச் செஞ்சிச் சந்தையில் ‘அரைப்படி’ என்றுதான் பெயர். ஐம்பது வயது வரைக்கும் அந்தக் கிண்டலைக் கேட்டுக் கேட்டு நொந்துபோன மனுஷர் அவர். மகள் ஞானத்துக்காவது நெடுநெடுவென்று ஒரு மாப்பிள்ளை வேண்டும், பேரப்பிள்ளைகளை எவனும் அரைப்படி என்று கூப்பிடக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார்.

போன வாரம் ஜவுளிக்கடை சாந்த் பாஷா இரண்டு வரன் கொண்டுவந்தார். சர்க்கார் கெஜக்கோலை ஒழித்து, கடைக்குக் கடை மீட்டர் கோல் கொடுத்திருந்த சமயம் அது. சட்டைத் துணி எடுக்க வந்த இரண்டு பையன்களையும் அந்தக் கோலாலேயே அளந்துவிட்டாராம். கட்டம் போட்ட தாள் ஒன்றில் உயரத்தை எழுதி நீட்டினார். அவலூர்பேட்டை மில்லில் வேலை பார்க்கும் செபாஸ்தியான், 1.7 மீட்டர். சீயமங்கலத்து வாத்தியார் தோமினிக், 1.55 மீட்டர்.

யாகப்பன் யோசிக்கவே இல்லை. “ஒரு ரூபா ஏழு நயா பைசா பெருசா, ஒரு ரூபா அம்பத்தஞ்சு பெருசா? வாத்தியாருதான்!”

மகள் ஞானம் பள்ளிக்கூட டீச்சர். ஐந்தாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

“நீ இன்னாம்மா சொல்ற?”

“ஏழவிட அம்பத்தஞ்சு பெருசுதான் நைனா” என்றாள், தலை நிமிராமல்.

மில்காரருக்கு வேண்டாமென்று அன்றைக்கே ஆள் போயிற்று. அவருக்கும் உடனே வேறிடத்தில் நிச்சயமாகிவிட்டது.

இப்போது வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. மாப்பிள்ளை தோமினிக் செருப்பைக் கழற்றிவிட்டு, நிமிர்ந்த தலை குனியாமல் உள்ளே வந்தார். தலைக்கும் துண்டுக்கும் நடுவே முழுசாக ஒரு சாண் இடைவெளி இருந்தது. வந்தவர் நேரே அடுக்களை வாசலில் நின்ற ஞானத்தைப் பார்த்து, ரொம்ப நாள் பழகினவர்போலச் சிரித்தார்.

யாகப்பன் அவசர அவசரமாக எல்லாரையும் பாயில் உட்காரவைத்துவிட்டு, கூட வந்த சாந்த் பாஷாவை அடுக்களைக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

“மோசம் பண்ணிட்டியே பாய்! அம்பத்தஞ்சுன்னு எழுதியிருந்தியே!”

“எழுதுனது நெசந்தான் அண்ணே. புள்ளிய ஒட்டி நிக்கிற எண்ணு பத்துல ஒரு பங்குக் கணக்கு. அங்க ஏழுன்னா எழுவது சென்டிமீட்டரு. இவரு அம்பத்தஞ்சுதான். மில்காரரு இவரவிட அரை அடி ஒசரம்.”

யாகப்பன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“அடி, அங்குலம்னு எழுதியிருந்தா நான் ஏமாந்திருப்பனா? எனக்குப் புரியாத மீட்டர்ல எழுதிக் குடுக்கச் சொன்னது யாரு பாய்?”

சாந்த் பாஷா தாடியைத் தடவிக்கொண்டு கூரையைப் பார்த்தார். காப்பித் தட்டோடு நின்ற ஞானம்தான் சிரிப்பை அடக்கமாட்டாமல் வாய் திறந்தாள்.

“நான்தான் நைனா.”