அரைக் கிலோவுக்குள்

தராசில் இருபத்து மூன்றாம் எண் பெட்டி ஏறியது.

"நானூத்தி எண்பத்தாறு," என்றான் கணவன்.

அவள் தலையாட்டினாள். அரைக் கிலோவைத் தாண்டினால் கூரியர் கட்டணம் அடுத்த படிக்குத் தாவிவிடும். அதனால் பெட்டிக்கு நாலு சோப்பு, கசக்கிய பழைய பேப்பர், ஒரு நன்றிச் சீட்டு. அவ்வளவுதான். பெட்டிகூடப் புதிதில்லை. மருந்துக்கடையில் தூக்கிப்போடும் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி ஒட்டுவாள்.

மாதாமாதம் வீடு தேடி வரும் சோப்புப் பெட்டி. சந்தாதாரர் முப்பத்தொரு பேர். தொழில் தொடங்கி இது நான்காம் மாதம்.

உள்ளறையிலிருந்து ஆறு வயது மகள் எட்டிப் பார்த்தாள். "அம்மா, அந்த ஷூவும் காணோம்மா."

போன மாதம் இடது கால் ஷூ தொலைந்தது. தொழில் நிமிர்கிற வரைக்கும் புதுசு கிடையாது என்று அப்பன் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து பள்ளிக்குச் செருப்புதான்.

"ஒத்த ஷூவ வெச்சுகிட்டு என்ன பண்ணப் போற? நொண்டி ஆடப் போறியா? போய்ப் படி."

தொழில் யோசனை அவனுடையது. பதினோரு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்த ஆலையை இழுத்து மூடியபோது வந்த யோசனை. அவள் அப்போது தையல் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டிலேயே சோப்புக் காய்ச்சு, நீ எதற்கு வெளியே அலைய வேண்டும் என்றான். கேட்டவர்களுக்கு அது பாசமாகத்தான் பட்டது.

ஆலை மூடியது. ஆலையின் கேட் மட்டும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

எது வெளியே போனாலும் நிறுக்க வேண்டும். யார் வெளியே போனாலும் பையைத் திறந்து காட்ட வேண்டும். காலையில் மகளைப் பள்ளியில் விடப் போகும்போது அவளும் காட்டுவாள், மகளின் புத்தகப் பையையும் சேர்த்து. அரை மணியில் திரும்பிவிட வேண்டும். போன் அவன் சட்டைப்பையில். அது தொழில் போன்.

ஒவ்வொரு மாதமும் ஒட்டி முடித்த பெட்டிகளில் ஒன்றைத் தன் இஷ்டத்துக்கு எடுத்துப் பிரிப்பான். ஆலையில் அப்படித்தான் வழக்கமாம். சற்று முன்பு எட்டாம் எண்ணைப் பிரித்தான். நாலு சோப்பும் இருந்தன. திரும்ப ஒட்டச் சொன்னான். அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இருபத்து மூன்றில் நாலு சோப்பு இல்லை.

விடிகாலையில் முதுகைக் காட்டி நின்று, ஒரு சோப்பைச் சீவிச் சீவி அந்தப் பெட்டியை மற்றவற்றின் எடைக்குக் கொண்டுவந்திருந்தாள். எடையில் பிசகில்லை. ஆனால் அவன் பெட்டியைக் காதோரம் வைத்துக் குலுக்கினான்.

"என்னடி, ஆடுது?"

"ஒண்ணு கொஞ்சம் சிறுசாப் போச்சுங்க. மத்தபடி எடை சரியாத்தானே இருக்கு?"

"இந்த இருபத்து மூணுக்குக் கோவமே வராதா? எதக் குடுத்தாலும் வாங்கிக்குது. 'கெடச்சுது, நல்லா இருக்கு'ன்னு மாசாமாசம் மெசேஜ் வேற. சோப்பப் போட்டுக் குளிக்குதா, இல்ல கடிச்சுத் தின்னுதா?"

அவன் சிரித்தான். அவளும் சிரித்து வைத்தாள்.

சிரிப்பு அடங்குவதற்குள் அவன் நகம் டேப்பின் ஓரத்தைக் கிளப்பியது.

சின்ன அறை. ஒரு பக்கம் இடுப்பளவுக்குப் பெட்டிகள். மறுபக்கம் சோப்பு காயும் பலகைகள். நடுவில் அவள். அவள் எழ வேண்டுமென்றாலும் அவன் நகர வேண்டும்.

வாசலில் கூரியர் வண்டியின் ஹார்ன். "சார், வண்டி நிக்குது. இப்பத் தர்றீங்களா, நாளைக்கு வரட்டுமா?"

அவள் டேப்பைத் தூக்கிக் காட்டினாள். வெறும் அட்டை வளையம்.

"பிரிச்சுப் பாருங்க. ஆனா திரும்ப ஒட்டுறதுக்கு இல்ல."

மாதத்துக்கு ஒரே ஒரு டேப். அந்த அளவு அவன் போட்டது.

வளையத்தைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். கிளம்பிய ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தான்.

"யாரு உன்ன மூணு சுத்து சுத்தச் சொன்னது? அடுத்த மாசத்துலேர்ந்து ரெண்டுதான்."

"கை வாக்குல சுத்திட்டேங்க."

கை வாக்கில் இல்லை. முப்பத்தொரு பெட்டிக்கும் எண்ணி எண்ணித்தான் சுற்றியிருந்தாள்.

கூரியர்காரர் பெட்டிகளைச் சாக்கில் அடுக்கினார். இருபத்து மூன்று நடுவில் எங்கோ போய்விட்டது. வண்டி தெரு திரும்புகிற வரைக்கும் அவள் காய்கிற சோப்புகளைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

இருபத்து மூன்று, தையல் கம்பெனியில் அவளுக்கு அடுத்த மெஷினில் உட்கார்ந்தவள். இப்போது வேறு ஊரில் இருக்கிறாள்.

முதல் மாதம் அவளுக்குப் போனவை இவளுடைய பள்ளிச் சான்றிதழ்கள், அட்டைக்கு அடியில் படுக்கவைத்து. இரண்டாம் மாதம் மகளின் பிறப்புச் சான்றிதழ். போன மாதம் இடது கால் ஷூ. இரண்டு ஷூவையும் சேர்த்து வைத்தால் அரைக் கிலோ தாண்டிவிடும் என்பதால், வலது இன்றைக்கு.

இனி எந்தக் காலையிலும் பையைத் திறந்து காட்டலாம்.

அனுப்ப வேண்டியதில் மிச்சம் இரண்டுதான். இரண்டும் பெட்டிக்குள் அடங்காது. ஒன்று பதினெட்டுக் கிலோ.

இன்னொன்றை யாரும் நிறுத்துப் பார்த்து வெகுகாலம் ஆகிறது.