ஆண் இல்லாத தீவு

எங்கள் பின்லாந்து ஏரியில் கொசு கோழி அளவு இருக்கும். நம்புங்கள், ஓய்வு பெற்ற படகோட்டி பொய் சொல்வதில்லை. அங்கே ஒரு தீவில், ஹில்க்கா என்ற ஆராய்ச்சி மாணவி வயதில் இளைய பெட்டைக் காட்டெலிகளை மட்டும் விட்டிருந்தாள். மூத்த பெட்டைகள் பக்கத்தில் இல்லாவிட்டால் இளசுகளின் ஹார்மோன் சீக்கிரம் விழித்துக்கொள்ளுமா என்பது அவள் ஆராய்ச்சி. ஒரே ஓர் ஆண் நுழைந்தாலும் கோடை முழுக்கப் பட்ட பாடு ஏரியோடு போய்விடும்.

அன்று காலை அவளுக்கு உதவியாக எலிப்பொறியைத் திறந்ததும் திடுக்கிட்டுத் துள்ளினேன். தீனியாக வைத்த உருளைக்கிழங்குத் துண்டின்மேல் ஒருத்தி குட்டி போட்டிருந்தாள்.

"அடி ஹில்க்கா, ஓடி வா! உன் கன்னிமாடத்துல பிரசவம்!"

"கிண்டல் பண்ணாதீங்க பெரியவரே. உங்க படகுல ஏதாவது ஆண் ஏறி வந்துச்சா?"

"என்னைத் தவிர எவனும் வரல!"

அவள் சிரிக்கவில்லை. பூதக்கண்ணாடியோடு குனிந்தாள். ரோமம்கூட முளைக்காத ஒவ்வொரு குட்டியின் காதிலும், அடையாளத்துக்காக நாங்கள் எலிகளுக்கு மாட்டுவது போன்ற எண் பொறித்த தகடு மின்னியது.

"இந்த நம்பரெல்லாம் நாம இன்னும் யாருக்கும் மாட்டவே இல்லையே," என்றாள்.

என் சட்டைப் பையில் புதுத் தகட்டு டப்பா இருந்தது. மூடியில் ஒட்டிய காகிதம் கிழியவில்லை. நானே கிழித்துத் திறந்தேன். அந்த எண்கள் இருக்க வேண்டிய முதல் வரிசை காலி. விரலை வைத்துப் பார்த்தேன். தகடுகள் பதிந்திருந்த அந்தக் குழிகள் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தன.