கடைசி ஆள்

"அண்ணே, ஒரு சின்ன உதவி. அது உங்களாலதான் முடியும்" என்று கேப்டன் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தாள்.

வாரம் முழுக்கப் பல் பிடுங்கும் டாக்டர் அவள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் இந்த சைக்கிள் கூட்டத்துக்குக் கேப்டன். குனிந்து டயரை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்த பஸ் டிரைவர் நிமிர்ந்தார்.

"சொல்லுங்க கேப்டன்."

"நம்ம பேக்கரிப் பொண்ணு போன மாசம் இறக்கத்துல விழுந்துச்சே, அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் வருது. மனசுல பயம் இருக்கு, வெளிய காட்டிக்காது. நீங்க அதுகூடவே கடைசியா வாங்க. ஆனா பார்த்துக்கத்தான் வர்றீங்கன்னு தெரியவே கூடாது. தெரிஞ்சா ரோஷத்துல சைக்கிளையே விட்டுடும்."

டிரைவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. நெஞ்சில் 'சின்ன ரிப்பேர்' முடிந்து அவரும் இன்றுதான் திரும்பியிருந்தார். அறுவை சிகிச்சையை அவர் அப்படித்தான் சொல்வார். மருத்துவர் சைக்கிள் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். அவருக்குத்தான் தன் மேல் நம்பிக்கை வரவில்லை. "எனக்காக யாராவது ஒருத்தர் நின்னு காத்திருந்தா போதும், அன்னிக்கே சைக்கிளை வித்துடுவேன்" என்று மனைவியிடம் வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். இப்போது மெதுவாகப் போவதையே வேலையாகக் கொடுத்தால் கசக்குமா என்ன?

மேடு தொடங்கியதும் மற்றவர்கள் அரட்டை அடித்துக்கொண்டே வளைவில் திரும்பி மறைந்தார்கள். பேக்கரிப் பெண் அவருக்குப் பக்கத்திலேயே வந்தாள்.

"நீங்க முன்னாடி போங்கண்ணே. என்னால உங்களுக்கு லேட்டாகுது."

"இத்தனை வருஷமா டைம் பார்த்தே பஸ் ஓட்டினவன்மா நான். இன்னிக்காவது லேட்டாப் போறேனே!"

கொஞ்ச தூரம் போனதும் அவள் காலை ஊன்றிவிட்டாள். "அண்ணே, செயின்ல ஏதோ சத்தம் கேக்குது."

டிரைவர் இறங்கிப் பார்த்தார். செயின் புதுப்பெண் மாதிரி பளபளவென்று இருந்தது. "எண்ணெய் பத்தலம்மா" என்று வாய்கூசாமல் சொல்லிவிட்டு, நிதானமாகத் துடைத்துக் கொடுத்தார்.

அடுத்த வளைவில் அவள் ஷூ கயிறு அவிழ்ந்துகொண்டது. அதற்கடுத்த வளைவில் வேலியோரத்துக் காட்டுப் பூ ஒன்றை அவள் போட்டோ எடுக்க ஆரம்பித்தாள். நின்று எடுத்தாள், உட்கார்ந்து எடுத்தாள். கல்யாணப் பெண்ணைக்கூட யாரும் இத்தனை பக்கத்திலிருந்து எடுத்திருக்க மாட்டார்கள்.

பாவம், உடம்பில் தெம்பே இல்லை, வாய்விட்டுச் சொல்லாமல் சாக்குத் தேடுகிறது என்று டிரைவர் நினைத்துக்கொண்டார். அவரும் அதே ரகம்தான் என்பதால் அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அவள் நின்றபோதெல்லாம் அவருக்கும் மூச்சுவிட அவகாசம் கிடைத்தது என்பது வேறு விஷயம். அதை அவளிடம் சொல்லிக்கொண்டிருப்பாரா?

உச்சிக்கு வந்ததும் அவள் சைக்கிளை நிறுத்தினாள். கீழே வளைந்து வளைந்து இறங்கும் சாலையைப் பார்த்தாள். இரண்டு கையாலும் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பிரேக் கொஞ்சம் சந்தேகமா இருக்குண்ணே. நான் தள்ளிக்கிட்டே வரட்டுமா?"

பிரேக்கில் ஒரு கோளாறும் இல்லை என்பது டிரைவருக்குத் தெரியாதா!

"எனக்கும் கண்ணுல தூசி விழுந்திருக்கும்மா, வேகமாப் போக முடியாது. நீ என் பின் சக்கரத்தை மட்டும் பார்த்துக்கிட்டு வா. வேற எங்கயும் பார்க்காதே. வழியை நான் சொல்றேன்."

ஊர்ந்துதான் இறங்கினார்கள். "வளைவு வருது!" என்று அவர் குரல் கொடுத்தார். "மணல் கிடக்கு, வலது பக்கம் ஒதுங்கு! இங்க குழி! இப்ப நேர் ரோடு, பிரேக்கைக் கொஞ்சம் விடு!"

ஒவ்வொன்றுக்கும் பின்னாலிருந்து மெல்லிசாக ஒரு "ம்" வந்தது. பாதி வழியில் அந்த "ம்" கொஞ்சம் பலமானது. கடைசி வளைவைத் தாண்டியதும் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"இறங்கிட்டேண்ணே! நானே இறங்கிட்டேன்!"

டிரைவர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். இத்தனை மாதமாகத் தன்னைத்தான் எல்லோரும் கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். தன்னாலும் ஒருவருக்குத் துணையாக வர முடிகிறதே என்று சந்தோஷப்பட்டார்.

காபிக் கடை வாசலில் கூட்டமே எழுந்து கைதட்டியது. "கடைசி பெஞ்சு ரெண்டும் வந்தாச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

டிரைவர் கடைக்குப் பின்னால் போய் முகம் கழுவி, கண்ணையும் நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தார். பேக்கரிப் பெண் காபி வாங்க நின்றிருந்தாள். அவர் கேப்டனை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அடுத்த வாரமும் இந்த வேலையை எனக்கே குடுங்க கேப்டன். இறக்கத்துல பயம் விட ஆரம்பிச்சிருக்கு. மேட்டுலதான் பொண்ணு ரொம்பத் திணறுது, நின்னு நின்னுதான் வருது. நான் பார்த்துக்கறேன். அதுக்கு மட்டும் தெரிஞ்சிடக் கூடாது, பாவம்."

"என் பல்லையே பிடுங்கினாலும் சொல்ல மாட்டேண்ணே" என்றாள் கேப்டன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அவர் நிம்மதியாகத் திரும்பி நடந்தார். அவர் முகம் கழுவப் போயிருந்த நேரத்தில் இதே இடத்தில் நின்று, "அண்ணனுக்கு மேட்டுல இன்னும் மூச்சு வாங்குது, நான்தான் சாக்குச் சொல்லி நிறுத்தி நிறுத்திக் கூட்டிட்டு வந்தேன், அடுத்த வாரமும் நானே கூட வர்றேன், அவருக்கு மட்டும் தெரிஞ்சிடக் கூடாது, பாவம்" என்று பேக்கரிப் பெண்ணும் கேப்டனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போயிருந்தாள்.