லீவே போடாதவர்

"எனக்கு வேண்டியவங்க வேண்டாதவங்கன்னு யாரும் கிடையாதும்மா. நான் எழுதின கோட், ஊழியர் எக்செல்ல இருக்குற ஒவ்வொரு பேரையும் லீவு எக்செல்ல போய்த் தேடும். அங்க பேர் இல்லைன்னா, அவர் லீவே போடலைன்னு அர்த்தம்" என்று மார்தட்டினார் புதிதாக வந்த மேலாளர்.

கணக்குப் பிரிவு அம்மா மலைபோல் நம்பியிருந்த பதவி உயர்வு கைநழுவியிருந்தது.

"நான் என்ன சார் குறை வச்சேன்?"

"போன வருஷ ஆரம்பத்துலேயே பத்து நாள் லீவு! இதே ஆபீஸ்லதானே உங்க வீட்டுக்காரரும்? ஒரு நாள்கூடப் போடலை. பதவி உயர்வு அவருக்குத்தான். சந்தோஷமா வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்க."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அந்தப் பத்து நாள், அவரை அடக்கம் பண்ணப் போட்ட லீவு சார்."

மேலாளர் திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார்.

"அப்படியா? கோட் ஓடறப்ப எரர் எதுவும் வரலையேம்மா!"